குசினியில் திறந்த ஏரி

தை மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, இருட்டி ஒரு மணித்தியாலம் கழிந்திருந்தபோது, கோல்வெல் பட்டணத்தின் கடைசித் தெருவில் கடைசி வீட்டில், பதினொரு மாதக் குழந்தைக்குப் பால் சுடவைத்துக்கொண்டிருந்த ஜெனோவாவின் காலுக்குக் கீழே ஒரு சத்தம் புறப்பட்டது. நீளமான இரும்புக் கம்பி ஒன்றை யாரோ வெகு தொலைவிலிருந்து இழுத்து வருவதுபோல முதலில் மெல்லக் கீச்சிட்டு, வரவரத் தடித்து, பசித்த மிருகத்தின் வயிறுபோல உறுமி, கடைசியில் ஒரே அடியாய் அலுமாரிக்குள் இருந்த கோப்பைகளையும் பேணிகளையும் நடுங்கவைத்துவிட்டு ஓய்ந்தது. கனடாவின் அந்த வடக்கு மூலையில் மூன்று பனிமாரி கழித்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பனிக்கட்டி தடிக்கும்போது ஏரி அப்படித்தான் கத்தும். ஆனால் ஏரி அந்த வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்தது.

பால் பொங்குவதற்குள் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே தரை திறந்துவிட்டது. சோற்றுக் கோப்பை அளவு, வட்டம் பிசகாமல், விளிம்பைச் சுற்றி ஒரு முழத் தடிப்புக்குப் பனிக்கட்டி, அதற்குள் மை போலக் கறுத்த தண்ணீர். ஜெனோவா தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை றொமிலாவைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், சிந்திய தண்ணீரைத் துடைத்தாள், இருந்ததில் பெரிய பானையைத் துளைமேல் கவிழ்த்து அதன்மேல் பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஏற்றினாள், பிறகு புருஷனுக்குத் தொலைபேசி எடுத்தாள். றெஜினோல்ட் பாரலொறி ஓட்டுபவன். அப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பெற்றோல் நிலையத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் மேலே வருகிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். அப்படியென்றால் காலையில் அண்ணையிடம் சொல்லும் என்றான்.

அண்ணை என்பது றெஜினோல்டின் தமையன் யூஜின். மணற்குடா என்ற கடற்கரை ஊரிலிருந்து புறப்பட்டு, மர ஆலை வேலைக்காகக் கோல்வெல்லில் குடியேறிய மற்ற ஏழு குடும்பங்களுக்கும் அவர்தான் தலை. அவர் சொன்னால்தான் அங்கே கலியாணம் கலியாணம், கோபம் கோபம். காலையில் அவர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார், பனிச் சப்பாத்தோடு குசினிக்குள் நடந்தார், அரிசி மூட்டையை இறக்கி, பானையை நிமிர்த்தி, முழங்காலில் இருந்து ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஏரித் தண்ணீர்தான் என்றார். மத்தியானத்துக்குள் ஏழு குடும்பமும் வந்து ஆளுக்கொரு விரல் வைத்துப் பார்த்து, ஏரித் தண்ணீர்தான் என்று ஒப்புக்கொண்டு போயிற்று.

யாரும் ஆச்சரியப்படவில்லை. மூன்று மாரிகளாக அந்த ஆண்கள் ஏரியின் நடுவில், மூக்கு உறையும் காற்றில், துளை போட்டுக் காத்திருந்து, பக்கத்துத் துளைகளில் வெள்ளைக்காரர் ட்ரவுட் மீன்களை விறகுபோல அடுக்குவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள். கடலைக் கட்டி ஆண்ட வம்சத்துக்கு ஒரு குளம் இப்படிச் செய்யலாமா என்று மனம் கசந்தவர்கள். ஏரி தன் பிழையை உணர்ந்து வீடு தேடி வந்திருக்கிறது என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேடி வந்த வீடுதான் பிழை. ஜெனோவா மணற்குடாக்காரி அல்ல. கடலில்லாத ஊர்க் கிளாக்கர் ஒருவரின் மகள், கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் படித்தவள், மீன் வெட்டத் தெரியாமல் கலியாணம் கட்டி வந்தவள். அவர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடக் 'கொன்வென்ற் பிள்ளை' என்று கூப்பிட்டதே அதிகம், அதுவும் அவளுக்குக் கேட்கிற தூரத்தில்.

அன்று பின்னேரம் தொடங்கிய மீன்பிடி, பிறகு நிற்கவேயில்லை. ஆலையில் வேலை முடிந்து இரண்டரை மணிக்கு அவர்கள் நேரே அவள் குசினிக்கு வந்தார்கள். கொண்டுவந்த தூண்டில் தடிகளோ கடலுக்குச் செய்தவை. தடியின் அடித்தடிப்பைப் பெருவிரலால் அளந்து, நுனியில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, வளையாத தடியே நல்ல தடி என்று தீர்த்துக் கைக்காசு கொடுத்து வாங்கியவை. எட்டடித் தடி நிமிர்ந்தபோது விளக்கில் இடித்தது; விளக்கைக் கழற்றினார்கள். பின்னுக்குச் சாய்த்தபோது அலுமாரிக் கதவில் பட்டது, கதவைக் கழற்றினார்கள். அறுபதடி ஆழத்தில் மீன் தொட்டதும், சுறாவுக்கு இழுப்பதுபோல அவர்கள் இழுத்த இழுப்பில் பாதி மீன்களின் தாடை கிழிந்தது, கிழியாதவை பிளந்த வாயோடு மேலே வந்தன. வந்தவற்றை யூஜினின் தங்கை மக்டலீன், முதியோர் இல்லத்தில் துணி துவைத்துவிட்டு வந்த கையோடு, ஜெனோவாவின் அடுப்பில் ஜெனோவாவின் சட்டியில் ஜெனோவாவின் தூளைப் போட்டுக் குழம்பு வைத்து, எல்லாருக்கும் பரிமாறி, வீட்டுக்காரிக்கு வால் துண்டைப் போட்டாள்.

ஒரு மீன் வெளியே வந்தால் துளை ஒரு விரற்கடை அகலும். இதை முதலில் கண்டவள் ஜெனோவா. ஒவ்வொரு காலையும் அவள் தையல் நூலொன்றைத் துளைக்குக் குறுக்கே பிடித்து முடிச்சுப் போட்டுவைத்தாள். சோற்றுக் கோப்பையாக இருந்தது தாச்சிச் சட்டி ஆயிற்று, தாச்சி சுளகாயிற்று, சுளகு நிறைய ஒரு குழந்தையைக் கிடத்தலாம். பானை மூடாது. மேசையைக் கவிழ்த்து மூடினாள். வந்தவர்கள் நிமிர்த்திவிட்டுப் போனார்கள், திரும்ப மூட அவர்களுக்கு நினைவு வருவதில்லை. நூலைக் கொண்டுபோய் யூஜினிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்தது. வாசல் பெருத்தால் பெரிய மீன் வரும் என்றார். மக்டலீன் சிரித்தாள்.

"எங்கட பிள்ளையளெல்லாம் கடற்கரையிலதான் தவண்டதுகள். ஒண்டும் செத்துப் போகேல்ல. கொன்வென்ற்காரருக்குத் தண்ணியெண்டாலே கோவில் தொட்டித் தண்ணிதான்."

மூன்றாவது கிழமை, புதன்கிழமை, ஏழு ஆண்கள் துளையைச் சுற்றிக் கதிரை போட்டு ஏழு தடி நுனிகளையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஜெனோவா உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, றொமிலா இரண்டு கதிரைக் கால்களுக்கு நடுவே விளிம்பில் வயிறு பதியப் படுத்து, ஒரு கையைத் தோள்மூட்டு வரை அந்தக் கறுத்த தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். ஏழு பேரில் ஒருவரும் காணவில்லை. அவள் பாய்ந்து இழுத்தபோது கதிரையொன்று சரிந்ததற்கு மட்டும், மீன் கலையும் என்று யாரோ அதட்டினார்கள். குழந்தையின் கை விரல் நுனியிலிருந்து தோள்வரை நீலமாக இருந்தது; குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

இனிமேல் இங்கே மீன்பிடி வேண்டாம் என்று அன்றுதான் ஜெனோவா வாய் திறந்து சொன்னாள். யூஜின் தடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"துளைதான் உம்மட வீட்டில, பிள்ளை. ஏரி எல்லாருக்கும் சொந்தம்."

இரவு றெஜினோல்ட் தொலைபேசியில் அதையே வேறு வார்த்தைகளில் சொன்னான். அண்ணைதான் நம்மைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர், வேலை எடுத்துத் தந்தவர், ஒரு மாரிதானே, பிள்ளையைக் கவனமாகப் பாரும். குழந்தையை அந்த இரவிலிருந்து அவள் பழைய சேலையொன்றால் முதுகில் கட்டிக்கொண்டாள். குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை, இரண்டு பேருமாகவே குளித்தார்கள்.

மாசியில் மீன்துறை உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். நகரத்தில் யாரோ சொல்லியிருக்கவேண்டும். அவரும் ஆச்சரியப்படவில்லை, துளையை அளந்தார், ஒவ்வொரு ஆளின் அனுமதிச் சீட்டையும் பார்த்தார், பனித்துளைக்கு மேல் நிற்கும் எந்தக் கட்டடமும் மீன்குடில்தான் என்று சொல்லிக் குசினிச் சுவரில் செம்மஞ்சள் எண் ஒன்றை ஒட்டினார். அவர் நிற்கும்போதே யூஜினின் தடி வளைந்து, அதிசயமாகத் தாடை கிழியாமல், ஒரு பெரிய மீன் மேலே வந்தது, சாம்பல் உடம்பில் வெண்புள்ளிகள் நிறைந்து, செவுள் அடித்துக்கொண்டு. உத்தியோகத்தர் நாடாவைப் பிடித்தார். அளவுக்கு மிஞ்சிய மீன், திருப்பி விடவேண்டும் என்றார்.

மணற்குடாவில் மீனைத் திருப்பி விடுவது என்று ஒரு செயல் கிடையாது, அதற்கு ஒரு சொல்லும் கிடையாது. கடல் கையில் வைத்ததைத் திருப்பிக் கொடுப்பவன் கடலின் முகத்தில் துப்புகிறவன். அப்படிச் செய்தவன் வீட்டில் ஒருவரும் பெண் எடுப்பதில்லை. யூஜின் பெற்ற பிள்ளையைக் கொடுப்பவர்போல அந்த மீனை இரண்டு கையிலும் ஏந்தி, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு துளைக்குள் விட்டார். பிறகு வீட்டுக்குப் போனவர் இரண்டு நாள் அந்தக் குசினிப் பக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நூல் ஒரு விரற்கடை நீண்டு கிடந்தது. ஜெனோவா மூன்றுதரம் அளந்தாள். துளை சுருங்கியிருந்தது. அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

குழந்தையை முதுகில் கட்டி, மேலே ஒரு பெரிய கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு மைல் நடந்து ஏரிக்கரையில் ஐனோ என்ற கிழப் பெண் நடத்திய தூண்டில் கடைக்குப் போனாள். கதவைச் சாத்து என்பதுதான் ஐனோவின் முதல் பேச்சு. என்ன மீன், எவ்வளவு ஆழம், எங்கே என்று கேட்டாள். ஏரி ட்ரவுட், அறுபதடி, என் குசினியில் என்றாள் ஜெனோவா. குசினி நல்லது, காற்று இல்லை என்று சொல்லிவிட்டு, எந்தத் தடி என்று மட்டும் கேட்காதே, போன வருஷம் உங்கள் ஆள் ஒருவனுக்குப் புத்தி சொல்லி, அவன் திரும்பி வந்து என்னோடேயே சண்டை பிடித்தான் என்று மூலையிலிருந்த பீப்பாயைக் காட்டிவிட்டுத் தன் பின்னலுக்குத் திரும்பினாள்.

பீப்பாய்க்குள் முப்பது தடிகள் இருந்தன. ஜெனோவா கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு முக்காலியில் இருந்து, துளை இரண்டு காலுக்கும் நடுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்தாள். நிமிர்த்தினால் தோளுக்கு மேல் போனவற்றை முதலில் ஒதுக்கினாள். பள்ளிக்கூட அடிமட்டம்போலக் குட்டையானவற்றையும் ஒதுக்கினாள்; அறுபதடி நூலைக் கொண்டு மீன்வாயில் முள்ளை ஏற்ற அவற்றின் வீச்சுக் காணாது. மூன்றடிக்குக் கிட்டவான பன்னிரண்டு மிஞ்சின. ஈயத் தலையும் வெள்ளை ரப்பர் உடம்பும் கொண்ட ஒரு பொய்யிரையை இரவல் வாங்கி, ஒவ்வொரு நுனியிலும் தொங்கவிட்டுப் பார்த்தாள். பாரம் பட்டும் குனியாத நுனி குருடு, மீன் தொட்டால் அதற்குத் தெரியாது. பாதித் தடிவரை குனிந்தது சோம்பல், அதனால் இரையைத் துள்ளவைக்க முடியாது. மடத்துச் சிற்றாலயத்தில் மணி அடித்ததும் இளம் கன்னியர் தலையை மட்டும் தாழ்த்தி முதுகை நிமிர்த்தியே வைத்திருப்பார்களே, அப்படி முதல் நாலு விரற்கடை மட்டும் தாழ்ந்து மிச்சம் நிமிர்ந்து நின்ற தடிகள் இரண்டே இரண்டு.

இரண்டும் ஒரே நிறை, ஒரே நீளம். அவள் நூலின் மறுநுனியைத் தோளுக்கு மேலால் பின்னுக்குக் கொடுத்தாள். றொமிலா அதைப் பிடித்துக்கொண்டாள். ஜெனோவா கண்ணை மூடினாள். முதல் தடியில் குழந்தை இழுத்தது தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது தடியில், குழந்தை இழுப்பதற்கு முன் விரல்களை இறுக்கியதே உள்ளங்கைக்குத் தெரிந்தது. பீடத்து விரிப்புகளுக்கு இழை எடுத்துத் தைத்துப் பழகிய கை அது, நூல் அறுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தத் தெரிந்த கை. அதைத்தான் எடுத்தாள். ஐனோ பின்னலை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடவே ஒரு குறடும் கேட்டாள். தூண்டில் முள்ளில் மீனைக் கழறவிடாத எதிர்முள்ளை நசுக்கிவிட என்றாள். அப்படிச் செய்தால் பாதி மீன் தப்பிவிடும் என்றாள் ஐனோ. எல்லா மீனும் தப்பவேண்டும் என்றாள் ஜெனோவா.

ஆண்கள் ஆலையிலும் மக்டலீன் துணித் துவைப்பிலும் இருக்கும் நேரம் காலை ஆறிலிருந்து இரண்டரை வரை. அந்த நேரத்தில் ஜெனோவா முக்காலியில் இருந்தாள், முதுகில் குழந்தை, காலடியில் நனைத்த துவாய். பொய்யிரையை அடிவரை இறக்கி, ஒரு முழம் உயர்த்தி, விழவிட்டு, மூச்சுப் பிடித்துப் பொறுத்து, மறுபடி உயர்த்தினாள். செபமாலை உருட்டுகிறமாதிரி அதற்கென்று ஒரு கதி வந்தது. நுனி தலையாட்டும். அவள் சுண்டி இழுக்கமாட்டாள், சும்மா நிமிர்த்துவாள், தடியின் முதுகு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றும்போது மீனுக்கு முன்னால் அது விட்ட காற்று முத்து முத்தாக மேலே வந்து உடையும். பிறகு தலை. ஈரத் துவாயில் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் கிடத்தி, குறடால் முள்ளை எடுத்து, தலை கீழாகத் திருப்பி விடுவாள். ஆண்கள் பின்னேரம் இரண்டு மூன்றை எடுத்துத் துளையை அகட்டினார்கள். அவள் காலையில் ஐந்து ஆறைக் கொடுத்து ஒடுக்கினாள். சுளகு தாச்சியாயிற்று.

ஒரு நாள் யூஜினின் மீன் துளையில் இறுகியது. வயிற்றோடு சிக்கி, வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் கிடந்து செத்தது. அவர் ஜெனோவாவை நிமிர்ந்து பார்த்தார், முதுகுச் சேலையில் ஒட்டியிருந்த செதிலைப் பார்த்தார், வீட்டைத் தேடச் சொன்னார். குழந்தையின் கட்டிலுக்குக் கீழேயிருந்து மக்டலீன் தடியை எடுத்துவந்தாள். ஏழு பேரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வளைத்துப் பார்த்தார்கள். விளையாட்டுச் சாமான் என்றார் ஒருவர். ஆனால் நசுக்கிய முள்ளைக் கண்டதும் ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீர் திருப்பி விட்டனீர்," என்றார் யூஜின். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஓம், அத்தான்."

"எத்தினை?"

"வந்ததெல்லாம்."

மக்டலீன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இவளை ஊரில் என்றால் கடற்கரைப் பக்கம் மிதிக்கவே விடமாட்டார்கள் என்றாள் ஒருத்தி. பிள்ளை தண்ணீரைத் தொட்டதற்கே இந்தக் கூத்தென்றால் இவளிடம் பிள்ளையை வைத்திருப்பதே பயம் என்றாள் இன்னொருத்தி, அது மெல்ல ஒவ்வொரு வாயாகச் சுற்றி ஒரு தீர்ப்பாகத் திரும்பி வந்தது: றெஜினோல்ட் சனிக்கிழமை வருவான், வந்ததும் பனிக்கட்டி துளைக்கும் துறப்பணம் கொண்டு துளையைப் பழைய அகலத்துக்குப் பெருப்பிப்பது, குழந்தை இனி மக்டலீன் வீட்டில் வளர்வது, கொன்வென்ற் பிள்ளை விரும்பினால் கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்க்கலாம். தடியை அவர்கள் முறிக்கவில்லை. முறிக்கிற அளவுக்குக்கூட அதை மதிக்கவில்லை, கதிரையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை ஏழு குடும்பமும் நெடுஞ்சாலைச் சந்திக்குப் போயிற்று, றெஜினோல்டுக்கு முதலில் தங்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல. விடியற்காலையிலிருந்து ஜெனோவா முக்காலியை விட்டு எழும்பவில்லை. மீன்கள் அன்று அவள் கேட்டமாதிரி வந்தன. துளை ஒடுங்க ஒடுங்கச் சின்ன மீன்கள், இன்னும் ஒடுங்க இன்னும் சின்னவை, முதலில் முழங்கை நீளம், பிறகு சாண், பிறகு கத்திரிக்காய்ப் பருமன். ஒவ்வொன்றுக்கும் நனைத்த துவாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு செபம். குழந்தை முதுகில் தூங்கியது, பசித்து அழுதது, பாலைக் குடித்துத் திரும்பவும் தூங்கியது. ஜெனோவாவின் விரல்கள் வெடித்து இரத்தம் வந்தது. துளை பேணி அளவானபோது பொய்யிரையைக் கழற்றிவிட்டு வெறும் முள்ளில் ஒரு சோற்றுப் பருக்கையைக் குத்தி இறக்கினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தடிநுனி, மூச்சுப் பட்டதுபோல, ஒரே ஒருதரம் அசைந்தது. விரல் நீளத்தில் ஒரு குஞ்சு வந்தது, உடம்புக்குள் முள்ளெலும்பு தெரிந்தது. அதை அவள் துவாயில் வைக்கவில்லை, உள்ளங்கையில் வைத்தாள். பிறகு விட்டாள்.

துளை மூடியது. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே பழைய லினோலியம் விரிப்பு, அதில் ஒரு ஈர வட்டம் மட்டும்.

வெளியே லொறியின் இரைச்சல் நின்றது. வழக்கம்போல ஒருவரும் தட்டவில்லை. கதவு திறந்து பனிக்காற்று உள்ளே வந்தது. வாசலில் றெஜினோல்ட் நின்றான், ஆறு நாள் தாடியோடு. அவன் தோளுக்குப் பின்னால் யூஜின், கையில் ஆளுயரத் துறப்பணம். அவர்களுக்குப் பின்னால் மிச்சப் பேர் பனிக்குள் வரிசையாக. றெஜினோல்ட் குசினித் தரையைப் பார்த்தான், அவளுடைய விரல்களைப் பார்த்தான், அவன் முகத்தில் ஏதோ ஒன்று இளகியதை அவள் கண்டாள்.

"ஜெனோ," என்றான். "அண்ணை ஒருக்காத் துளைச்சுப் பாக்கட்டும். ஒரே ஒருக்கா. பிள்ளையை நான் வச்சிருக்கிறன்."

இரண்டு கையையும் நீட்டினான். தகப்பனைக் கண்ட குழந்தை முதுகில் குதித்தது. ஜெனோவா வாசல்வரை வந்தாள். கதவின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"நீங்கள் மட்டும் உள்ள வாங்கோ. வாறதெண்டால் இப்பவே வாங்கோ. நான் கதவைச் சாத்தப்போறன்."

அவன் ஒரு காலைப் படிக்கு மேல் வைத்தான். பிறகு தமையனின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அறிய, திரும்பிப் பார்த்தான்.

அவள் பொறுத்தாள், அறுபதடி ஆழத்திலிருந்து ஒரு மீனை ஏற்றுகிற நேரம் பொறுத்தாள், அதற்கு மேலும் கொஞ்சம் பொறுத்தாள். அவன் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனோவா கதவைத் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாள் மாரி முழுக்க அசையாமல் கிடந்து இறுகிப்போயிருந்தது. வெடித்த விரல்கள் பத்தாலும் பிடித்து, தோளைக் கொடுத்து, அதை உள்ளுக்கிருந்து கடைசிவரை போட்டாள்.